துள்ளும் நாயோடு காலை நடை: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

விடியற்காலையில் கயிற்றை ஆணியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டாலே போதும். திண்ணையில் சுருண்டு கிடந்த நாய் எழுந்து உடம்பை நீட்டி, முற்றத்தை மூன்று சுற்று சுற்றி, உங்கள் முன்னால் முன்னங்கால்களைத் தரையில் பரப்பிப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். "வா, விளையாடலாம்" என்று நாய் சொல்லும் விதம் அது. புதிதாக நாய் வளர்ப்பவர்கள் பலர் இந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கூட்டிப் போகத் தயங்குகிறார்கள். ரோட்டில் இழுக்கும், ஆள் மேல் தாவும், கயிற்றைக் கடிக்கும் என்ற பயம்.

நடையில் விளையாட்டுக்கென்று நேரமும் இடமும் கொடுத்துவிட்டால் மிச்ச வழி முழுக்க நாய் அமைதியாக வரும். கொடுக்காவிட்டால் அந்த விளையாட்டு கயிற்றிலும் உங்கள் கைலியிலும் பால்காரரின் சைக்கிள் டயரிலும் இடம் தேடிக்கொள்ளும். கீழே வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

வாசலைத் தாண்டும் முன்

குட்டி என்றால் முதலில் தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை அடுத்தடுத்த தவணைகள், 12 வாரத்துக்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி. கடைசித் தவணை போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பொதுத் தெருவில் கால் வைக்க விட வேண்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். போன வருடம் அந்த முடுக்கில் ஒரு குட்டி செத்தது என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அதற்காக அதுவரை வீட்டுக்குள் பூட்டியும் வைக்கக் கூடாது. 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் படித்துக்கொள்ளும் காலம். தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஹாரன், கோயில் மைக், சர்ச் மணி, மீன்காரரின் கூவல் எல்லாவற்றையும் தினமும் பத்து நிமிடம் கேட்கவிடுங்கள். கேட்கும்போதே வாயில் ஒரு தின்பண்டத் துண்டு கொடுங்கள்.

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. வயலும் ஓடையும் சானல் என்கிற பாசனக் கால்வாயும் வருடத்தில் பாதி நாள் நனைந்தே கிடக்கின்றன. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். தடுப்பூசி போடும்போது இதற்கானதும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கயிறும் பட்டையும்

இழுக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டை மட்டும் போதாது. தொண்டை நெரியும், இருமும், இருமிக்கொண்டே இன்னும் இழுக்கும். நெஞ்சுப்பட்டை வாங்குங்கள், அதிலும் மார்புக்கு முன்னால் ஒரு வளையம் உள்ளதாகப் பாருங்கள். கயிற்றை அதில் மாட்டினால், நாய் இழுக்கும்போது உடம்பு தானாகவே உங்கள் பக்கம் திரும்பிவிடும், இழுத்துப் பலன் கிடைக்காது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் பின்னால் நகர்ந்து கழற்றிவிட்டு ஓடிவிடும். ஒரு விரல்கூடத் திணறினால் கக்கத்தில் புண்ணாகும்.

கயிறு ஐந்து அல்லது ஆறு அடி. பருத்திக் கயிறு நல்லது, நைலான் கயிறு சட்டென்று உருவினால் உள்ளங்கையைச் சுட்டுவிடும். இரும்புச் சங்கிலி வேண்டாம். தானே சுருளும் கயிறும் தொடக்கத்தில் வேண்டாம், இழுத்தால் நீளும் என்று அது நாய்க்குச் சொல்லிக்கொடுத்துவிடும். எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து, விரல்களை மடக்கிப் பிடிப்பதே போதும்.

கடலோர ஊர்களில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் கயிற்று நுனியின் கொளுத்து துருப்பிடித்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாதியில் சிக்கிக்கொள்ளும். பார்ப்பதற்கு மாட்டியதுபோல இருக்கும், ஒரு துள்ளலில் கழன்றுவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள். மாட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பட்டையில் உங்கள் செல்பேசி எண் எழுதிய தகடும் இருக்கட்டும். கொடை விழா, பெருநாள், கிறிஸ்துமஸ் சமயங்களில் திடீர் வெடிச்சத்தத்தில் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் நாய் இரண்டு ஊர் தாண்டித்தான் நிற்கும்.

இடுப்புப் பையில் வைக்க வேண்டியவை: தண்ணீர் அரை லிட்டர், ஒரு சின்னக் கிண்ணம், மலம் அள்ளப் பழைய செய்தித்தாளும் கவரும், நாய் கடித்து இழுக்க ஒரு முழ நீளமுள்ள முறுக்குத்துணி, பிறகு தின்பண்டம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி இறைச்சியைப் பட்டாணியில் பாதி அளவாக நறுக்கி ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். மட்டிப்பழமும் நல்லது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பழம், மணம் தூக்கலாக இருப்பதால் நாய் விரும்பும். ஒரு நடைக்குப் பாதிப் பழத்துக்கு மேல் வேண்டாம்.

எப்போது கிளம்புவது

இங்கே சூரியன் வருடம் முழுக்க ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் உதித்துவிடும். வெளுப்பு வந்ததும் கிளம்பி, சாதாரண நாளில் ஏழரைக்குள், பங்குனி சித்திரையில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். நாய் நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் மூச்சிரைப்பு பலிக்காது. கடற்கரை ஊர்களில் புழுக்கம் கூடிய நாளில், வெயில் ஏறும் முன்பே நாய் களைத்துப்போவது இதனால்தான். பக், புல்டாக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் திணறும். நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

நேரக் கணக்கு: மூன்று மாதக் குட்டி என்றால் முற்றத்துக்குள்ளேயே ஒரு வேளைக்கு 15 நிமிடம், ஆறு மாதம் என்றால் அரை மணி, வளர்ந்த துடிப்பான நாய்க்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. குட்டிகளுக்கு வயது மாதத்துக்கு ஐந்து நிமிடம் என்பது அனுபவத்தில் வந்த கணக்கு. எலும்பு முற்றாத வயதில் மதில் தாண்ட வைப்பதையும் படிக்கட்டு ஓட்டத்தையும் தவிர்த்தால் போதும், மணல்மேல் தன் இஷ்டத்துக்கு ஓடுவதால் கெடுதல் இல்லை.

முதல் பத்து நிமிடம்

துள்ளும்போது கயிற்றை மாட்டாதீர்கள். வாசலில் நின்று சும்மா காத்திருங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் மாட்டுங்கள். மறுபடி துள்ளினால் கையை எடுத்துவிடுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் ஆகலாம், பத்தாம் நாள் தானே உட்கார்ந்துவிடும். கதவைத் திறக்கும்போதும் இதே முறைதான்.

வெளியே வந்ததும் முற்றத்திலோ விளையிலோ மூன்று நிமிடம் விளையாட்டு. முறுக்குத்துணியை நீட்டி இழுக்கவிடுங்கள். பத்து எண்ணும்வரை இழுத்ததும் உங்கள் கையை உடம்போடு ஒட்டி அசையாமல் வைத்து "விடு" என்று ஒருமுறை சொல்லுங்கள். அசையாத துணியில் சுவாரசியம் இல்லை, சில விநாடியில் விட்டுவிடும். விட்ட உடனே மறுபடி இழுக்கக் கொடுங்கள். நான்கைந்து முறை இப்படி. "விடு" என்றால் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற எண்ணம் அதற்கு வராது, பின்னால் வாயில் மீன்முள்ளோடு நிற்கும்போது இந்தச் சொல்தான் காப்பாற்றும்.

விளையாடும்போது நாய் படபடவென்று தும்முவதைக் கவனியுங்கள். சளி பிடித்துவிட்டதோ என்று புதியவர்கள் பதறுவார்கள். "இது வெறும் விளையாட்டு" என்று எதிரிக்குச் சொல்லும் தும்மல் அது. அதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து காலையில் அந்தத் தும்மலுக்காகவே காத்திருப்பீர்கள்.

தெருவில் இறங்கியதும் இழுத்தால், அப்படியே நட்ட தெங்கு மாதிரி நில்லுங்கள். திட்டவும் வேண்டாம், பின்னால் இழுக்கவும் வேண்டாம். கயிறு தொய்ந்த அந்த நொடியில் அடுத்த அடி எடுத்து வையுங்கள். தொய்வாக மூன்று அடி நடந்தால் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தின்பண்டம். கயிறு இறுகினால் உலகம் நிற்கும், தொய்ந்தால் உலகம் நகரும் என்று நாய் புரிந்துகொள்ள இரண்டு மூன்று வாரம் ஆகும். பெரும்பாலான வீடுகளில் இது தோற்பதற்கு ஒரே காரணம்தான்: ஒருவர் நிற்பார், இன்னொருவர் அவசரத்தில் இழுத்தபடியே போகவிடுவார். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடத்துங்கள்.

கயிற்றையே கடித்துத் தொங்கினால், குறிப்பாக நான்கு முதல் ஆறு மாதத்தில் பல் முளைக்கும் காலத்தில், கயிற்றைப் பிடித்து மல்லுக்கட்டாதீர்கள். அது இழுபறி விளையாட்டாகிவிடும். கயிற்றைத் தரையில் தொய்யவிட்டு மிதித்துக்கொண்டு, முறுக்குத்துணியை எடுத்து நீட்டுங்கள். கடிக்க வேண்டியது இது என்று காட்டினால் அதுவும் பிடித்துக்கொள்ளும். வாயில் துணியைக் கவ்வியபடியே பெருமையாக நடந்துவரும் நாய்கள் உண்டு, வரட்டும்.

மோப்பத்துக்கு நேரம் கொடுங்கள்

நடை என்றால் நமக்குத் தூரம், நாய்க்கு மணம். ஒரு நாய் மண்ணில் மூக்கை வைத்திருக்கும்போது குனிந்து பாருங்கள். மூக்குத்துவாரத்தின் முன்பக்கம் வழியே காற்றை இழுத்து, பக்கவாட்டில் இருக்கும் பிளவு வழியே விடுகிறது. அதனால் மூக்கின் இருபுறமும் பின்பக்கமாகச் சின்னச் சின்னதாகத் தூசி கிளம்பும். விடும் காற்று முன்னால் இருக்கும் மணத்தைக் கலைக்காமல் இருக்க இயற்கை செய்துவைத்த வழி. ஒரு வேலிக்கல்லில் இரண்டு நிமிடம் இப்படி நின்றால், நேற்றிரவு யார் யார் போனார்கள் என்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகரும். படிக்கவிடுங்கள். நடையில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பத்து நிமிடம் மோந்த நாய் வீட்டில் அமைதியாகக் கிடக்கும், அரை மணி இழுத்து ஓட்டிய நாய் பரபரப்பாகவே இருக்கும்.

இதற்கு நல்ல இடங்கள் இங்கே ஏராளம். சானல் கரைகள், குளக்கரைகள், தென்னை விளைகள், மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் விளைகள். ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது வேறு.

ரப்பர் விளையில் விடியும் முன்பே நெற்றி விளக்கோடு பால்வெட்டுகிறவர்கள் இருப்பார்கள். இருட்டில் அசையும் வெளிச்சத்தைப் பார்த்து நாய் குரைக்கும், அவர்கள் கையில் கத்தி இருக்கும். கயிற்றைக் குறுக்கிக்கொண்டு தூரத்திலேயே குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். ரப்பர் ஷீட்டுக்குப் பால் உறையவைக்கும் ஆசிட் வைத்திருக்கும் இடத்தை அண்டவிடாதீர்கள். மாசி பங்குனியில் ரப்பர் தளிர்க்கும்போது தேன்பெட்டிகள் வைத்திருப்பார்கள், பெட்டியை முகர ஒரு நாயும் போகக் கூடாது.

வயல் பக்கம் என்றால் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்திலும் மருந்து தெளித்த நாளில் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள். அறுவடை முடிந்த வயலில் வாத்துக்கூட்டம் மேயும், ஒரு துள்ளலில் கூட்டம் சிதறினால் மேய்க்கிறவருக்கு அரை நாள் வேலை. தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022 முதல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவை. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வலசைப் பறவைகள் வந்து தங்கும். அங்கே கயிற்றை அவிழ்க்கவே கூடாது. கொக்கு எழும்பும்போது நாய் காதை நிமிர்த்தி ஒரு காலைத் தூக்கி அப்படியே சிலையாக நிற்கும், அந்த நிலையைப் பார்ப்பதே போதுமான சந்தோஷம்.

மழைக்குப் பிறகு தேரை. குதிப்பதை எல்லாம் கவ்வும் வயதில் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி பக்கவாட்டில் ஊற்றி, ஈரத்துணியால் ஈறைத் துடைத்துக்கொண்டே இருங்கள். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் மருத்துவர்தான். தோவாளைப் பக்கம் பூக்கழிவுக் குவியலில் அரளி கிடக்கும், அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பச்சை மரச்சீனித் தோல், இலை, கதம்பை நார், ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கடை எலும்பு ஆகியவற்றிலும் வாய் வைக்கவிடாதீர்கள். தென்னையடியில் விழுந்து கிடக்கும் குரும்பையைப் பந்துபோல உருட்டி விளையாடும். வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு என்றால் விடலாம், சின்னது என்றால் தொண்டையில் அடைக்கும்.

எதிரே ஆள் வந்தால்

"மக்கா, கடிக்குமா?" என்று எதிரே வரும் பாட்டா கேட்டால் "ஒண்ணும் செய்யாது" என்று சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டியது உத்தரவாதம் இல்லை, இடைவெளி. கயிற்றைக் குறுக்கி, நாய்க்கும் அவருக்கும் நடுவே நீங்கள் வந்து, ரோட்டின் ஓரம் ஒதுங்கி நாயை உட்காரவைத்து, அவர் கடந்த பிறகு ஒரு துண்டு கொடுங்கள். சாயாக்கடை வாசலில் நிற்பதானாலும் இதே ஒழுங்குதான். அன்பினால் வடையும் பிஸ்கட்டும் நீட்டுவார்கள், வடையில் உள்ள வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று சிரித்துக்கொண்டே சொல்லி உங்கள் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர்கள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் அந்தக் கடையே உங்கள் நாய்க்குச் சொந்தமாகிவிடும்.

தெருநாய் வந்தால் ஓடாதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், குட்டியை அலறித் தூக்காதீர்கள். நேராகப் போகாமல் வளைந்து ஒதுங்குங்கள். மழைக்காலத்தில் கையில் இருக்கும் குடை இங்கே நல்ல ஆயுதம்: நெருங்கி வருகிற நாய்க்கு முன்னால் சட்டென்று விரித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். யாரையாவது நாய் கடித்துவிட்டால், எந்த நாயானாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

கடற்கரை நாள்

வாரம் ஒருமுறை சொத்தவிளை, சங்குத்துறை மாதிரி நீண்ட மணல்வெளிக்குக் கூட்டிப்போங்கள். இங்கே 15 அல்லது 20 அடி நீளக் கயிறு. அவிழ்த்துவிடுவதைவிட இதுவே சரி, கூப்பிட்டால் வரும் பழக்கம் உறுதியாகும் வரை. பெயரைச் சொல்லி, நீங்கள் பின்னோக்கி ஓடுங்கள். துரத்த ஆசைப்பட்டே ஓடிவரும். வந்ததும் இரண்டு துண்டு கொடுத்து மறுபடி ஓடவிடுங்கள். கூப்பிட்டு உடனே கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுத்த வாரம் வராது. காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் உங்கள் குரல் அதற்குக் கேட்காது, கையை அகல விரித்துக் காட்டும் சைகையையும் சேர்த்தே பழக்குங்கள்.

மணலில் நண்டு வளையைக் கண்டுவிட்டால் அன்றைய நடை அங்கேதான். மூக்கை வளைக்குள் விட்டு ஒரு பெரிய மூச்சு, மணல் ஏறிய மூக்கோடு ஒரு செருமல், முன்னங்கால் இரண்டும் மாறி மாறித் தோண்டல், பின்பக்கம் மணல் மழை. நண்டு பத்தடி தள்ளி வேறு வளையில் நுழைந்திருக்கும். ஐந்து நிமிடம் தோண்டட்டும். மணலை விழுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையின் உண்மையான ஆபத்து கரையில் கிடப்பது. கரைமடி இழுத்த பிறகு வேண்டாத மீன்களை மணலில் எறிந்திருப்பார்கள், அதில் உருண்டையாக ஊதிய பேத்தை மீன் இருக்கும். அதன் நஞ்சுக்கு மாற்றுமருந்து கிடையாது, கால்கள் தளர்ந்து மூச்சு நின்றுவிடும். கெளிற்று முள், தூண்டில் முள், வலைத்துண்டு, சொறிமீன் இவையும் கிடக்கும். ஆகவே வலை இழுக்கும் இடத்திலிருந்து நூறு அடியாவது தள்ளி நடங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை முட்டையிடும் காலம், உயரமான மணலில் தோண்டவிடாதீர்கள்.

ஆனி, ஆடியில் அலைக்குள் இறக்கவே வேண்டாம். காற்றில்லாத நாளிலும் கள்ளக்கடல், அதாவது தொலைக்கடலில் கிளம்பி வரும் பேரலை, எச்சரிக்கை இருந்தால் அலை திடீரென்று ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் கிண்ணத்தை நீட்டுங்கள்.

மலத்தை மணலில் மூடிவிட்டு வராதீர்கள். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமணலில் உயிரோடு இருந்து, வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோலுக்குள் ஏறும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சிமருந்து கொடுத்துவிடுங்கள்.

வீடு வந்ததும்

கடைசி ஐந்து நிமிடம் நடையைத் தளர்த்தி, மூச்சு அடங்கவிட்டு வாருங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்து. மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு ஓட்டமும் நிறைந்த வயிறும் சேர்ந்தால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கடலுக்குப் போன நாளில் நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி, விரலிடுக்கையும் காதையும் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் காதில் சீழ் வரும். மற்ற நாட்களில் உண்ணி தேடுங்கள்: காதின் உள்மடிப்பு, பட்டைக்குக் கீழே, விரலிடுக்கு, தொடையிடுக்கு, வாலடி. இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்கவோ மண்ணெண்ணெய் பூசவோ கூடாது, மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும், நாய் நக்கினால் நுரையீரலையும் கெடுக்கும். உண்ணி எடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோ சோர்வோ வெளிறிய ஈறோ தெரிந்தால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இந்த உண்ணி பார்க்கும் நேரம் முதல் வாரத்தில் மல்லுக்கட்டாக இருக்கும். தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே மறு கையால் தேடிப் பழக்கினால், நான்காம் வாரத்தில் தானே வந்து மல்லாந்து படுத்து, பாதத்தை உங்கள் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். மணல் ஒட்டிய அந்தப் பாதத்தின் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பாருங்கள். கயிற்றை அலசி, நாய்க்கு எட்டாத உயரத்தில், அதே ஆணியில் மாட்டுங்கள்.